கிழிந்த ஸ்பீக்கர்கள் ஆசிம் அண்ணாச்சி கடைக்கு

அத்தான்,

போன வருஷக் கோயில் கொடையில் கிழிந்த இரண்டு ஸ்பீக்கரையும் பஸ்ஸில் கோவில்பட்டிக்குக் கொண்டுபோகிறேன். ரேடியோக் கடை ஆசிம் அண்ணாச்சி சரிசெய்து தருவார். "என் மைக்செட்டை நானே பாத்துக்கிடுதேன், வெளியாள் தொடக் கூடாது" என்று நேற்றும் சண்டை போட்டீர்கள். ஒரு வருஷமாக நீங்கள்தானே பார்க்கிறீர்கள். பசை தடவி ஒட்டிப் பாட்டைப் போடுகிறீர்கள். அது கரகரத்ததும், "ஏட்டி, பேபி கத்துதா, கேக்குதா?" என்று என்னைக் கூப்பிடுகிறீர்கள். உள்ளே காயில் கம்பி கருகிக் காந்தத்தில் உரசுகிறது. அது பேபி இல்லை.

கொடையன்று நாங்கள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் தீப்பிடித்தபோது, உங்கள் பாட்டுச் சத்தத்தில்தான் நாங்கள் கத்தியது ஊருக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறீர்கள். பேபி சாகும்போது நான் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். புகை தொண்டையை அடைத்துவிட்டது. நாங்கள் யாரும் கத்தவே இல்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டும். பேச்சை எடுத்தாலே எனக்கு அந்தப் புகை நெடி வந்துவிடுகிறது.

கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன. சாயந்திரம் வந்துவிடுவேன்.

சுகுணா

மத்தியானம் பேபியின் அம்மா வருவார்கள். போன தடவை போல உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன மகள் கல்யாணத்துக்கு உங்கள் செட்டுதான் வேண்டுமாம்.

இந்தச் சீட்டை அவர்கள் வருவதற்குள் கிழித்துவிடுங்கள். கடைசியில் பேபி "அம்மா" என்று கூப்பிட்டிருப்பாள் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.