ஃபேன் நின்ற பிறகும் ஏறுகிற சூடு

ஆம்பூர்
8.1.2025

அன்புள்ள எழில்,

சுகமா? வாட்ஸ்அப்பில் கேட்டால் நீல டிக் மட்டும்தான் வருகிறது. காலேஜ் முடித்த நாளிலிருந்து நீ கடிதத்துக்குத்தான் ஒழுங்காகப் பதில் போடுகிறவள். அதனால் காகிதம்.

கரி அடுப்புக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றை நானே செய்திருக்கிறேன். சிரிக்காதே. இரும்பு டிரம், அடியில் கரி, மேலே கம்பித் தட்டில் ஆட்டுத் தொடை, பக்கத்தில் சென்சார். சூடு 120 டிகிரிக்குக் கீழே போனால் சின்ன ஃபேன் ஓடிக் கரியை ஊதும். 120 வந்ததும் நின்றுவிடும். ஃபேன் நிற்கிறது, சூடு நிற்கவில்லை. 170 வரை ஏறுகிறது. கறி வெளியே கருகி, உள்ளே பச்சையாக இருக்கிறது.

நாத்தனார் முனவ்வர் பேகத்தின் மகனுக்கு பிப்ரவரி 16 கல்யாண வலீமா விருந்து. பிரியாணிக்கு மாஸ்டர் இருக்கிறார், கிரில் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். நான் பிஸிக்ஸ் படித்தவள் என்பது இந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. நீ பேராசிரியை. எங்கே தப்பு, சொல்.

தில்ஷாத்

வேலூர்
12.1.2025

அன்புள்ள தில்ஷாத்,

முதலில் ஒன்று: அந்த டிரம் தோல் டேனரியில் கெமிக்கல் வைத்திருந்ததா? அப்படியானால் இன்றே தூக்கிப் போடு.

சென்சார்மேல்தான் எனக்குச் சந்தேகம். கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார். எதற்கும் புதிது மாற்றிவிடு. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற ஒன்றுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்றும் தெரியவில்லை.

எழிலரசி

ஆம்பூர்
20.1.2025

அன்புள்ள எழில்,

அது பேக்கரிக்கு எண்ணெய் வந்த டிரம். கழுவி, நெருப்பு போட்டு எரித்தும் ஆயிற்று. கொதிக்கிற தண்ணீரில் சென்சார் சரியாக 99 காட்டியது. நீ சொன்னாயே என்று சென்சாரையும் மாற்றினேன். மறுபடி 170.

ஞாயிற்றுக்கிழமை முனவ்வர் வந்து ஒரு துண்டு வாயில் போட்டாள். "பாபி, இது இன்னா கறியா, இல்ல அண்ணன் கம்பெனி ஷூ சோலா?" என் வீட்டுக்காரர் ரஃபி சிரிப்பை அடக்க எழுந்து போய்விட்டார். பிப்ரவரி 9-க்குள் சரியாகவில்லை என்றால் கிரிலுக்கு வாணியம்பாடி ஆளைக் கூப்பிட்டுவிடுவாளாம்.

தில்ஷாத்

வேலூர்
24.1.2025

அன்புள்ள தில்ஷாத்,

தப்பு சென்சாரில் இல்லையென்றால், ஃபேனை ஓட்டும் புரோகிராமில்தான் பிழை. அதைத் திருத்துவது உன்னால் இரண்டு வாரத்தில் ஆகிற காரியமில்லை. வாணியம்பாடிக்காரரே செய்யட்டும். அத்தனை உறவுக்காரர்கள் முன்னால் நீ தலைகுனிந்து நிற்க வேண்டாம். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

எழிலரசி

ஆம்பூர்
2.2.2025

எழில்,

'உன் நல்லதுக்குத்தான்' என்று 1997-லும் சொன்னாய். எம்.எஸ்ஸி. விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். "உங்க வீட்ல விட மாட்டாங்க, கேட்டுப் பேஜார் ஆவாதே" என்றாய். நான் அப்பாவிடம் கேட்கவே இல்லை. பல வருடம் கழித்து ஒருநாள் அவரே, "நீ கேட்டிருந்தா அனுப்பியிருப்பேன்மா" என்றார். இதை உன்னிடம் சொன்னதில்லை.

அதனால் இந்த முறை அடுப்பையே கேட்டேன். ஃபேன் ஒயரைக் கழற்றிவிட்டு மூடினேன். அப்போதும் 170. சென்சாரும் இல்லை, புரோகிராமும் இல்லை. ஊதுபத்தியைக் கொளுத்தி டிரம்மைச் சுற்றி வந்தேன். சாம்பல் அள்ளும் கதவின் இடுக்கில் புகை உள்ளே ஓடியது, நின்ற ஃபேனின் வாயிலும் ஓடியது. கரிக்குக் காற்று தானாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. கருவி சூட்டை ஏற்றும், இறக்க முடியாது. நாம் இருவருமே கருவியைப் பார்த்தோம், டிரம்மைப் பார்க்கவில்லை.

பிரியாணியைத் தம்மில் போடும்போது மூடியைச் சுற்றி மாவு ஒட்டுவோமே, அதேபோல் கதவு இடுக்கில் ஒட்டினேன். ஃபேன் வாயில் ரஃபி கொண்டுவந்த தோல் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டேன். ஊதினால் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். மேலே புகை போக மட்டும் சின்ன வழி. ஐந்து மணி நேரம் 124-ஐத் தாண்டவில்லை. முனவ்வர் எலும்பைக்கூட விடவில்லை.

தில்ஷாத்

வேலூர்
6.2.2025

அன்புள்ள தில்ஷாத்,

நான் இருபது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஒயரைக் கழற்றிப் பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

1997-ல் நான் சொன்னது உன் நல்லதுக்காக இல்லை. நம் காலேஜிலிருந்து ஒருத்திக்குத்தான் இடம் கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. உன் மார்க் என்னுடையதைவிடப் பதினொன்று ஜாஸ்தி. உங்கள் வீட்டில் விடுவார்களா, மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னேன்.

மன்னிப்பு என்று எழுதினால் சுலபமாகிவிடும். 16-ஆம் தேதி நான் வரலாமா?

எழிலரசி

ஆம்பூர்
18.2.2025

எழில்,

உன் கடிதம் 8-ஆம் தேதியே வந்துவிட்டது. வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. எது எழுதினாலும் பொய்யாக இருந்தது.

விருந்து நன்றாக நடந்தது. கறி ஒரு துண்டு மிஞ்சவில்லை. "யார் செஞ்சது?" என்று கேட்டவர்களிடமெல்லாம் முனவ்வர், "எங்க பாபி, பிஸிக்ஸ் படிச்சவங்க" என்றாள்.

உனக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. சாயங்காலம்வரை பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கடிதம் போடாதே. முடிந்தால் நானே எழுதுகிறேன்.

தில்ஷாத்