உங்கள் கையாக நான் பின்னியது

சனிக்கிழமை, மாலை

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நானும் குட்டியும் நலம். சாப்பாடு எப்படி இருக்கிறது, விடுதிக் கட்டிலில் தூக்கம் வந்ததா என்றெல்லாம் கேட்ட பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும். இந்த முறை எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. திங்கட்கிழமை கிரேனில் ஏறுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படித்துவிடுங்கள். உங்கள் ஸ்டோர்கீப்பர் லீவு முடிந்து நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறார். இருட்டுவதற்குள் உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். "இதுக்கு ஒரு போன் பண்ணினா ஆகாதா அண்ணி?" என்று கேட்டார். பண்ணிப் பார்த்தேன், ஆகவில்லை என்றேன்.

இரண்டு முறை பண்ணினேன். முதல் முறை உங்கள் அறையில் ஒரே கூட்டம். "கிரேன்காரர் திரும்பி வந்துட்டாருன்னு கை தட்டுறானுங்க, கேக்குதா?" என்றீர்கள். கேட்டது. இரண்டாவது முறை நான் மப்ளர் என்று வாயெடுத்ததுமே, "அதத்தான் எல்லாருக்கும் காட்டிக்கிட்டிருக்கேன், கேபின்ல மாட்டப் போறேன்" என்றீர்கள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எதையோ சொல்லி வைத்துவிட்டேன். குழாய் ஒழுகுவது உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல நான் கூப்பிடவில்லை.

அந்த மப்ளரின் இரண்டாம் பாதியைப் பின்னியது நீங்கள் இல்லை. பெரும்பகுதி நான் பின்னியது.

இப்போதே எழுந்து போய் அதை எடுத்துப் பார்க்கத் தோன்றும். பாருங்கள். ஆனால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாதபடி செய்வதற்குத்தான் நான் அவ்வளவு பாடுபட்டேன்.

இரும்பு வடம் நசுக்கிய உங்கள் வலது கையின் கட்டைப் பிரித்த பிறகு, ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். நீங்கள் அதை ஜன்னல் வழியாக எறிந்தீர்கள். அடுத்த வீட்டு நாய் அதை இன்னும் கடித்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் குட்டிக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. "இதையே அவருக்கும் சொல்லிக் குடுங்க, ஒவ்வொரு விரலும் தனித்தனியா வேல செய்யும்" என்றார். வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "இருபது டன் தூக்குன கையில ஊசியக் குடுக்கிறியா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

ஆனாலும் எடுத்தீர்கள். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், பேரப்புள்ளைக்கா?" என்று கேட்டதற்கு, "இல்ல சார், உங்க வாய்க்கு ஒரு உறை" என்றீர்களே, அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் சிரித்தோம். விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. முதல் வரிசை முடிந்ததும் ஊசியோடு ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். நான் பின்ன ஆரம்பித்து இருபது வருஷம் ஆகிறது. என்னுடைய முதல் வரிசையை நானும் அப்படித்தான் பார்த்தேன். ஒன்றுமில்லாத ஒரு நூல் நம் கையில் துணியாகிறது. அந்தச் சந்தோஷத்தை எனக்கு வேறு யாரிடமும் விளக்கத் தெரிந்ததில்லை. உங்களிடம் விளக்கத் தேவையே இல்லாமல் போனது.

பிறகு வந்ததைத்தான் நான் உங்களிடம் மறைத்தேன். நூல் சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் சுற்றி வர வேண்டும். அந்த இரண்டும் பிடிக்கிற பிடியில்தான் கண்ணியின் இறுக்கம் இருக்கிறது. உங்களுக்கு மரத்துப் போனது அதே இரண்டு விரல்கள். நூல் நழுவுவது உங்களுக்குத் தெரியவே இல்லை. ஒருநாள் கண்ணி ஒன்று ஊசியிலிருந்து விழுந்து, வரிசை வரிசையாகக் கீழே இறங்கி, ஏணி வைத்த மாதிரி ஓட்டையாகிவிட்டது. நீங்கள் கத்தவில்லை. அதை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, "இது போன கை, விடு" என்று சொல்லிவிட்டு நடக்கப் போய்விட்டீர்கள்.

நீங்கள் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து, கொக்கி வைத்த குரோஷா ஊசியை எடுத்து அந்தக் கண்ணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மேலே ஏற்றினேன். மறுநாள் நீங்கள் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "நேத்து நெனச்ச அளவுக்கு மோசமில்லையே" என்றீர்கள். உங்கள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். என்னால் அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை.

தினமும் நீங்கள் நடக்கப் போகும் நேரம் என் நேரமாகிவிட்டது. அன்று பின்னியதை முழுதாகப் பிரித்துத் திரும்பப் பின்னுவேன். என் கை ஒரே சீராக ஓடிவிடும், அதனால் உங்களைப் போலவே கொஞ்சம் கோணலாகப் பின்னப் பழகினேன். வரிசைக்கு ஒரு கண்ணியைத் தளர்த்துவேன். வாரம் போகப் போகத் தளர்த்துவதைக் குறைத்தேன். கை தேறி வருவதுபோல் தெரிய வேண்டும் அல்லவா? இப்படி ஒரு திறமை எனக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. நேற்றிலிருந்து யோசிக்கிறேன், இதை உங்களுக்காகத்தான் செய்தேனா என்று. பிழையோடு கிடக்கும் பின்னலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. அதுவும் காரணம். நீங்கள் நொந்து உட்கார்ந்திருக்கும் வீட்டில் இன்னொரு நாள் இருக்க எனக்குத் தெம்பில்லாததும் காரணம்.

ஒரு மப்ளர்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். பயிற்சி அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "முதல் பாதியும் இந்தப் பாதியும் வேற வேற ஆள் பின்னின மாதிரி இருக்கு சார்" என்று உங்களைப் பாராட்டினார். அதை அவர் டாக்டரிடமும் காட்டுவார் என்று நான் நினைக்கவில்லை. டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? பிடிக்கும் பலம் வந்துவிட்டது, தொடு உணர்ச்சியில்தான் சந்தேகம் இருந்தது, இதைப் பின்னுகிறவருக்கு அந்தச் சந்தேகமும் வேண்டாம் என்றார். வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன். நீங்கள் என் தோளைப் பிடித்து அமுக்கினீர்கள். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அப்போதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், கிரேன் லீவர் வேறு, ஊசி வேறு என்று. நீங்கள் கிளம்பிய அன்று காலையில் அந்தச் சமாதானமும் போய்விட்டது. யூனிஃபார்ம் சட்டையை நானே தேய்க்கிறேன் என்று அடம்பிடித்தீர்கள். இஸ்திரிப் பெட்டியின் ஓரம் உங்கள் சுண்டு விரலைத் தொட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் கையை எடுக்கவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டே தேய்த்தீர்கள். நான் பிடித்து இழுத்தபோது, "என்னடி, சட்ட சுருங்கிடும்" என்றீர்கள். விரலில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்ததைக் காட்டியதும், "பூச்சி கடிச்சிருக்கும்" என்றீர்கள். நம்பித்தான் சொன்னீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அந்த இடம் கொப்புளமாகியிருக்கும்.

இரும்புத் தகடு தொங்கும்போது லீவர் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் கைக்குத் தெரிந்துவிடும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது தெரியாது. கீழே நிற்பவர்கள் உங்களுக்குக் கை தட்டியவர்கள்.

அதனால் இதைச் செய்யுங்கள். ஸ்டோர்கீப்பரை உட்காரவைத்து, நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே அவர் ஒரு நாணயத்தை வைக்கட்டும், பிறகு ஒரு சட்டைப் பட்டனை வைக்கட்டும். எது எது என்று உங்களால் சொல்ல முடிந்தால், இதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏறுங்கள். என்னைப் பைத்தியம் என்று திட்டிக்கொண்டே ஏறுங்கள். சொல்ல முடியாவிட்டால் ஃபோர்மேனிடம் போய், வீட்டில் அவள் ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லுங்கள். அப்படியே சொல்லுங்கள், மானக்கேடு எனக்கு இருக்கட்டும். டாக்டரிடம் நான் திங்கட்கிழமை காலையிலேயே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

குட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பா மேலே ஏறியதும் அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்புவார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

உங்களுக்கு என் மேல் கோபம் வரும். வர வேண்டியதுதான். வருஷக் கணக்காக என்னோடு பேசாமல் இருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தை இந்த வீட்டில், என் எதிரில் உட்கார்ந்து காட்டுங்கள். மேலே மட்டும் ஏறாதீர்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
குட்டியின் அம்மா