அந்துருண்டை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் அத்தானும் நலமென்று நம்புகிறேன். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். எரிச்சலோடு எழுதுகிறேன், அங்கங்கே கடுகடுப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எல்லாம் ஓர் அந்துப்பூச்சியால் வந்தது. நம் பால்கனி விளக்கடிச் சுவரில் காலையில் அவை ஒட்டிக்கொண்டிருக்கும். அலுவலகம் போகுமுன் படமெடுத்து, இணையத்தில் பூச்சி ஆர்வலர்கள் கூடும் பக்கத்தில் போட்டுப் பெயர் கேட்பேன். நிறையப் பெயர்கள் தெரிந்துகொண்டேன். ஒன்று மட்டும் பிடிகொடுக்கவில்லை. மரப்பட்டையைச் செதுக்கி ஒட்டினாற்போல் சாம்பல் நிறம். எந்தப் படத்தைப் போட்டாலும் ஒருவர் வந்து "பின்னிறகு தெரியவில்லை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார். பின்னிறகு வாத்தியார் என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டேன். அவர் சொல்வது சரி என்பதுதான் பெரிய கடுப்பு. அந்த வகையில் எல்லாவற்றுக்கும் முன்னிறகு ஒரே சாம்பல். உள்ளே மறைத்திருக்கும் பின்னிறகின் நிறத்தில்தான் ஆள் யாரென்று தெரியும். உட்கார்ந்திருக்கும்போது அதைக் காட்டவே காட்டாது. ஒரு துரும்பால் மெல்லத் தொட்டேன். ஆரஞ்சு நிறம் ஒன்று மின்னியது, பறந்துவிட்டது. படத்தில் சுவர் மட்டும் வெகு தெளிவாக விழுந்திருக்கிறது.

மறுபடி வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. பிறகு எதுவுமே வரவில்லை. பருவம் மாறிவிட்டதோ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். நேற்று சளி விட்டு, துணி காயப்போடப் போனபோதுதான் நாற்றம் மூக்கில் ஏறியது. விளக்குக்குப் பின்னால், பழைய காலுறையில் கட்டி, அந்துருண்டை. பூந்தொட்டிக்குப் பின்னால் சில, ஜன்னல் விளிம்பில் சில. போதாததற்கு, நான் போட்டுவைக்கும் விளக்கைத் தினமும் நான் தூங்கியதும் அணைத்திருக்கிறாள் அம்மா.

கத்தினேன். அவள் அசரவில்லை. "அந்துப்பூச்சி வருது, அந்துப்பூச்சி வருதுன்னு நீதானேடி சொன்னே. அந்துக்கு அந்துருண்டை வைக்காம, பாய் விரிச்சு உக்காரவைப்பாங்களா?" என்றாள். துணியரிக்கும் பூச்சி அரிசி அளவுதான், அது வெளிச்சத்துக்கே வராது, என் சுவருக்கு வருவது துணியைத் தொடாது என்று பாடம் எடுத்தேன். "தொடமாட்டேன்னு உன்கிட்ட எழுதிக் குடுத்துச்சா?" என்றாள். அதற்குமேல் பேசினால் எனக்குத்தான் தலைவலி.

நாற்றம் தாங்காமல் வீடு முழுக்கத் தேடி உருண்டைகளைப் பொறுக்கினேன். அக்கா, பால்கனியில் இருந்ததெல்லாம் சும்மா. உன் அலமாரியைத் திறந்ததும் கண் எரிந்தது. நீ விட்டுப்போன ஒவ்வொரு துணியின் மடிப்பிலும் காகிதத்தில் சுற்றி ஒன்று. உன் பச்சைக் கம்பளிச் சட்டையின் இரண்டு கைகளுக்குள்ளும் ஒவ்வொன்று. நீ அத்தானோடு போன அன்று, "அவ துணி ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்கக் கூடாது, யாருக்காவது குடுத்துடு" என்றாளே, அதே அம்மா. நான் சோம்பலில் அள்ளித் திணித்து மூடிவைத்திருந்தேன். இப்போது இருப்பது என் மடிப்பு இல்லை.

நான் அங்கே நிற்பதைப் பார்த்து, "நல்ல துணி. வீணாப் போகக் கூடாதில்ல" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, "அவளுக்கு அங்க குளிருமா?" என்றாள். தெரியாது என்றேன். "ஊர்ல இருக்கிற பூச்சிக்கெல்லாம் பேர் கண்டுபிடிக்கிற. கூடப் பொறந்தவளப் பத்தி இதுகூடத் தெரியாது" என்று முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள்.

என் கோபம் தீரவில்லை, அவள்மேலும், உன்மேலும். ஆளுக்கொரு சுவரில் இறகை மூடிக்கொண்டு எத்தனை காலம் உட்கார்ந்திருப்பீர்கள்? நடுவில் நான் துரும்போடு நிற்கிறேன்.

பால்கனி உருண்டைகளை எறிந்துவிட்டேன். உன் அலமாரியில் கை வைக்கவில்லை. அங்கே குளிருமா, குளிராதா என்று எனக்குப் பதில் எழுதாதே. அவளைக் கூப்பிட்டுச் சொல். எடுத்ததும் எரிந்து விழுவாள், போனை வைத்துவிடாதே. வந்தால், அந்தப் பச்சைச் சட்டையை நன்றாக வெயிலில் போட்டபிறகு போட்டுக்கொள்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை