நீல ஜன்னல் நண்பருக்கு

மார்ச் 4
இன்று முதல் என் கவிதைகள் எல்லாம் கடிதங்களாக இருக்கும். 'அன்புள்ள நண்பா' என்று தொடங்கி 'இப்படிக்கு' என்று முடியும். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. இலக்கிய வரலாறு தேதியைக் குறித்துக்கொள்ளட்டும். மனைவியிடம் அறிவித்தேன். "சரி. கேஸ் தீர்ந்துபோச்சு" என்றாள்.

மார்ச் 9
பத்திரிகை ஆசிரியர் முதல் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதையும் வெட்டுவதால் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். "ஆளே இல்லாம யாருக்குய்யா எழுதறீங்க? கடுதாசின்னா ஒரு வீடு வேணும். வாசல்ல ஒரு செருப்பாவது கிடக்கணும்."
நியாயம்தான். ஆனால் நண்பனுக்கு எங்கே போவது? கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். என்னைக் கண்டால் ஊரே சிரிக்கும். அது வேறு சிரிப்பு.

மார்ச் 11
ஆள் கிடைத்துவிட்டார்! பஸ் சிக்னலில் நிற்கும் இடத்தில், பழைய இரும்புக் கடைக்கு மேலே ஒரு நீல ஜன்னல். உள்ளே ஒருவர் ரேடியோ பழுது பார்க்கிறார். எழுந்தால் இடது காலை இழுத்து நடக்கிறார். பெயர் தெரியாது. கவிதைக்கு அது தேவையும் இல்லை.

ஏப்ரல் 2
வெளிவந்துவிட்டது.
'அன்புள்ள நண்பா, நீல ஜன்னலை மூடாதே.
உன் கம்பிகளில் ஊரின் மூச்சு ஓடுகிறது.
இழுபடும் காலோடு நீ இறங்கி வரும் நாளில்
தெருக்கள் எழுந்து நிற்கும்.'
மனைவி இரண்டு முறை படித்தாள். "யாரு இந்தாளு?"
"கற்பனை."
"இந்த நேரத்துல தெருவை எதுக்கு எழுப்பறீங்க?"

ஏப்ரல் 10
போராட்டத்தை அடக்கப் போட்ட ஊரடங்கை இன்னும் ஒரு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். மாலை பஸ் கிடையாது.

ஏப்ரல் 17
அலுவலகத்துக்கு இரண்டு பேர் வந்து ஜீப்பில் அழைத்துப்போனார்கள். உளவுப் போலீஸ் அதிகாரியின் மேஜையில் என் கவிதை. வரிக்கு வரி பென்சில் கோடு. என்னை யாரும் பென்சிலோடு படித்ததில்லை.
"மூணு தடவை படிச்சேன் சார். ஆள் யாரு?"
"கற்பனைதான்."
அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியா... நிஜம்னு நினைச்சுட்டேன். கற்பனைன்னா கொஞ்சம் சுமார்தான், இல்லே?"
சுமாரா?
"அந்த ஜன்னல் நிஜம் சார். அந்தக் காலும் நிஜம். தினமும் பஸ்லேர்ந்து பார்க்கறேன்."
"எந்த பஸ்?"
சொன்னேன். டீ வரவழைத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஏப்ரல் 18
மனைவியிடம் சொன்னேன். தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள். "இப்பவே போய் அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க."
"என்னன்னு? உங்களைப் பத்திக் கவிதை எழுதிட்டேன், ஓடிப்போயிடுங்கன்னா?"
"ஆமா. அதையேதான்."
நாளை போகிறேன். அடுத்த இதழின் பிழைதிருத்தத்தை இன்றே முடித்துத் தரச் சொல்லி கத்தரி ஆள் அனுப்பியிருக்கிறார். ஒருநாளில் என்ன ஆகிவிடும்? — ஒன்றும் ஆகாது.

ஏப்ரல் 19
போனேன். என்னைக் கண்டதும் இரும்புக் கடைக்காரர் தராசைத் துடைத்தார். "போன மாசம்தான் சார் முத்திரை போட்டது."
"தராசுக்கு வரலை. மேலே இருக்கறவரைப் பார்க்கணும்."
"ரேடியோக்காரரையா? நேத்து சாயங்காலமே உங்க ஆளுங்க கூட்டிட்டுப் போயிட்டாங்களே!"
"எங்க ஆளுங்க இல்லைங்க."
"கவர்மென்ட் ஆளுங்கதானே சார்" என்றார்.
படியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. இடது செருப்பு மட்டும் ஓரம் தேய்ந்திருந்தது.
நேற்றுப் பகலில் வந்திருந்தால்... எழுதி என்ன?

ஏப்ரல் 20
அதிகாரியிடம் போய் எல்லாம் கற்பனை என்று எழுதிக் கொடுத்தேன். "அடக்கம் சார் உங்களுக்கு" என்றார்.

மே 3
அதிகாரி போன் செய்தார். "அடுத்தது யாருக்கு சார் எழுதப்போறீங்க?"
மனைவி என்னோடு பேசுவதில்லை.

மே 16
ஊரடங்கைத் தளர்த்திவிட்டார்கள். மாலை பஸ் ஓடுகிறது. இரும்புக் கடைக்கு மேலே 'அறை வாடகைக்கு' என்று அட்டை தொங்குகிறது. ஜன்னலுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள்.