வராத பாயும் தராத கூலியும்

அனுப்புநர்:
அகானிசி தூய்லோமா,
குழந்தை பார்த்துக்கொள்பவர் (அழைக்கும்போது மட்டும்),
நசினு, ஃபிஜி.

பெறுநர்:
கூலிப் புகார் மேல்விசாரணை அலுவலர் அவர்கள்,
சுவா.

பொருள்: நான் உறவினர் அல்ல என நிரூபித்து, குறைந்தபட்சக் கூலி கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தாமாவுவாவில் வசிக்கும் திருமதி லோசாலினியின் மகன் சேமியை, அவன் தவழும் காலத்திலிருந்து வார இறுதி மாலைகளிலும், கூப்பிட்ட மற்ற நாள்களிலும் பார்த்துக்கொண்டேன். பேருந்துக் கட்டணமும் மீந்த மரவள்ளிக்கிழங்கும் கிடைத்தன. கிழங்கு நன்றாகவே வெந்திருந்தது. அதில் எனக்குப் புகார் இல்லை.

2. கூலி கேட்டபோது அவர் சொன்னது: “என்னடி இது, நீ சேமிக்குச் சின்னம்மா. அக்கா புள்ளையப் பாத்துக்க மணிக்கணக்குப் போட்டுக் காசு கேப்பாளா ஒருத்தி?” என் தாயும் அவர் தாயும் ஒரே மாவட்டத்தில் பிறந்தவர்கள் என்பதே இந்த உறவின் அடிப்படை. அம்மாவட்டத்தில் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். சின்னம்மா பதவி எனக்கு மட்டும் அளிக்கப்பட்டது.

3. முதல் விசாரணைக்கு அவர் சேமியையே சாட்சியாக அழைத்து வந்தார். அவன் என்னைக் கண்டதும் “சின்னம்மா” என்று ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டான். விசாரித்தவர் சிரித்துவிட்டு, இது குடும்ப விஷயம், வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்று கோப்பை மூடினார். குழந்தையை இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் தோற்றேன். அடுத்த வாரமும் அவனைப் பார்த்துக்கொள்ளப் போனேன்.

4. பிறகு என் தாயார் காலமானார். துக்க வீட்டுக்கு உறவினர், உறவின் அடையாளமாக, பாய் கொண்டுவருவது தாங்கள் அறிந்ததே. என்னோடு பேசுவதையே விட்டுவிட்ட பெரியப்பா மகன்கூட ஒரு பாயைச் சுருட்டித் தோளில் சுமந்து வந்தான். தாமாவுவாவிலிருந்து திருமதி லோசாலினியின் செய்தி ஒன்று தொலைபேசியில் வந்தது: “அம்மா போய்ட்டாங்கன்னு கேள்விப்பட்டோம், பாவம். சனிக்கிழமை சாயங்காலம் வந்துருவல்ல?”

சனிக்கிழமை அடக்கம். நான் தாமாவுவாவுக்குப் போகவில்லை. அதன்பின் என்னை அவர்கள் அழைப்பதில்லை.

5. ஆகவே நான் அவர்களுக்கு உறவினர் அல்ல என்பது தெளிவு. அன்று வந்த பாய்கள் யார் யாருடையவை என்று எங்கள் போதகர் சாட்சி சொல்வார். தாயார் இறந்த நூறாம் இரவுச் சடங்குக்கு வருபவர்களுக்கு நான் சோறு போட வேண்டும். உழைத்ததற்கு உரிய கூலியை அதற்குள் பெற்றுத்தர வேண்டுகிறேன்.

நான் உறவினரே என்று தங்கள் அலுவலகம் மீண்டும் முடிவெடுக்குமானால், அன்றிரவு ஒரு பாயுடன் வரும்படி திருமதி லோசாலினிக்கு உத்தரவிட வேண்டுகிறேன். பெரிய பாய் தேவையில்லை. சேமி உட்காரும் அளவு இருந்தால் போதும்.

நாள்: 14 ஜூலை
இடம்: நசினு

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
அகானிசி தூய்லோமா
(கையொப்பம்)