அறுபது மில்லி

குழந்தைகள் வார்டு, மூன்றாம் மாடி
வியாழன் மதியம்

என் அன்பானவருக்கு,

நம் மகள் மிளகு நன்றாக இருக்கிறாள். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி நீங்கள் பதறாமல் வாசிக்கலாம். உங்கள் கப்பலில் வேலைக்குச் சேரப் போகும் எலெக்ட்ரீஷியன் நாளை இங்கே வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். போனில் பேசினால் எட்டுக் கட்டில்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் எனக்குப் பேச்சு வருவதில்லை. உங்களுக்குத் தெரியாததா?

அவளுடைய சிறுநீரில் புரதம் ஒழுகிப் போகிறது, அதனால்தான் உடம்பு முழுக்க நீர் கோத்துக்கொள்கிறது என்று சொல்லியிருந்தேன். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து அறுநூறு மில்லிதான் அவள் குடிக்கலாம். கட்டில் காலில் ஒரு சார்ட் தொங்குகிறது. ஒரு பத்தியில் குடித்தது, அடுத்ததில் கழித்தது. இரண்டையும் அளந்து எழுதுவது என் வேலை. காலையில் எழுந்ததும் எடை பார்ப்பார்கள்.

என் சார்ட்டைப் பெரிய சிஸ்டர் மற்ற அம்மாக்களுக்குக் காட்டி, "சார்ட்டுன்னா இப்படி இருக்கணும்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. பக்கத்துக் கட்டில் அக்கா சும்மா இருப்பாரா? துணி ஃபாக்டரியில் தையல் மெஷினில் வேலை பார்க்கிறவர். அவர் மகனுக்கும் இதே நோய்தான். "இந்தப் பொண்ணு பரீட்சை எழுதுற மாதிரியில்ல எழுதுது! மார்க்கு உண்டா சிஸ்டர்?" என்று கேட்டு வார்டையே சிரிக்க வைத்தார்.

ஆனால் போன வாரம் மிளகின் எடை தினமும் ஏறியது. ஒரு நாள் இருநூறு கிராம், மறுநாள் முந்நூறு. சனிக்கிழமை கண் இரண்டும் திறக்கவில்லை, கால் செருப்புக்குள் நுழையவில்லை. பெரிய டாக்டர் சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற ஏதாச்சும் குடிக்கிறாளாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார், எல்லாம் சார்ட்ல இருக்கு" என்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அழுத்தமாகப் பேசியது அன்றுதான்.

அப்படியானால் மருந்து கேட்கவில்லை போலிருக்கிறது என்றார். செவ்வாய்க்கிழமை முதுகில் ஊசி போட்டுச் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்களாம், பிறகு இதைவிடக் கடுமையான மருந்தாம். "புரியுதாம்மா?" என்றார். தலையாட்டினேன். நம் இரண்டு குடும்பத்திலும் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். யார் புரிந்ததா என்று கேட்டாலும் தலை தானாக ஆடிவிடுகிறது. அவர் போன பிறகு அக்காவிடம்தான் கேட்டேன். முடி கொட்டலாம், சின்னச் சளி பிடித்தாலும் ஆபத்து என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "அட, இப்பவே ஏன் அழுவுற? இன்னும் போடவே இல்லையே" என்றார்.

ஞாயிறு மதியம் அளவுக் குவளையைக் கழுவிக்கொண்டு வந்தேன். மிளகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஏதோ உறிஞ்சுகிற சத்தம். எட்டிப் பார்த்தால், முகம் துடைக்க நான் நனைத்துக் கொடுத்த துணி வாயில் இருக்கிறது!

"முகம் எரியுதும்மா, துணி நனைச்சுக் குடு" என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கேட்பாள். பாவம் என்று நானும் சொட்டச் சொட்ட நனைத்துக் கொடுத்தேன். சார்ட்டில் துணிக்குப் பத்தி ஏது? கேட்டதற்கு, "டம்ளர்லதானே குடிக்கக் கூடாதுன்னு சொன்ன? நான் துணியத்தானே சப்பினேன்" என்கிறாள். பிறகு உதடு பிதுங்க, "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்றாள். சொல்லிவிட்டேன். தெரியாதவர் மாதிரி இருங்கள்.

அதே துணியை நனைத்துக் குவளையில் பிழிந்து பார்த்தேன். அறுபது மில்லி. எட்டு முறை என்றால் அரை லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. பாதியை உறிஞ்சியிருந்தால்கூடப் போதுமே. என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

திங்கள் காலை டாக்டர் வந்தபோது கூடவே ஆறு மாணவர்கள். என் சார்ட்டைப் புகழ்ந்த பெரிய சிஸ்டரும் நிற்கிறார். நனைத்த துணியும் குவளையுமாக நின்றேன். அக்கா பின்னாலிருந்து, "சொல்லித் தொலைம்மா, பிள்ளைக்கு ஊசியா உனக்கு ஊசியா?" என்று முதுகில் இடித்தார். "சார், சார்ட் தப்பு. நான்தான் விட்டுட்டேன்" என்று ஆரம்பித்து, துணியைப் பிழிந்தும் காட்டினேன். ஒரு மாணவி சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. குவளையைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "நாலு நாளா நான் மருந்தைத் திட்டிக்கிட்டு இருக்கேனே" என்றார். பிறகு மாணவர்களிடம், "இதை எழுதிக்குங்க" என்றார்.

ஊசியை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறார். வேண்டவே வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை. "புரியுதாம்மா?" என்று வழக்கம்போல் கேட்டார். "புரியல சார், யூரின் ரிப்போர்ட்ல போடுற அந்த ப்ளஸ் குறியெல்லாம் என்னன்னு சொல்லுங்க" என்றேன். நின்று சொன்னார். ப்ளஸ் குறையக் குறையப் புரதம் ஒழுகுவது குறைகிறதாம். போன வாரம் நான்கு இருந்தது. இன்று காலை இரண்டு. எடையும் மூன்று நாளில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கிவிட்டது. இன்று இரண்டு கண்ணையும் திறந்து, என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "ஏம்மா தலையே சீவல?" என்றுதான்.

இப்போது துணியைக் குவளைக்கு மேல் நன்றாகப் பிழிந்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். துடைத்த கையோடு திரும்ப வாங்கிவிடுகிறேன். முறைக்கிறாள். முறைக்கத் தெம்பு வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று. போன வாரம் போனில் நீங்கள், "நான் கிளம்பி வரட்டுமா?" என்று கேட்டீர்கள். "வேண்டாம், நான் பார்த்துக்குறேன்" என்றேன். சுற்றிலும் ஆள் இருந்தார்கள், நானும் வழக்கம்போல் தலையாட்டிவிட்டேன். கேப்டனிடம் விடுப்பு கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் வருத்தப்பட மாட்டேன். ஆனால் கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இஞ்சின் அறைச் சூட்டில் வேலை செய்கிறவர், தண்ணீர் நிறையக் குடியுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
மிளகின் அம்மா