கழுவியதா என்று கேட்கிற கட்டம்

கம்போங் ராஜா
9 ஜூலை 2025, புதன்

அன்பு மகன் குகனேஸ்வரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவின் கண்ணைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். நியூசிலாந்துக் குளிரில் நீயும் மருமகளும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடு என்கிறார், மெசேஜ் அடித்தால் என்ன அடிச்ச, படிச்சுக் காட்டு என்கிறார். கண் மங்கின பிறகு உங்கப்பாவுக்குப் பாம்புச் செவி. காலையில் நான் மலைக்குத் தேயிலைக் கொழுந்து வெட்டப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் என் தோளைப் பிடித்தபடியேதான் நடமாட்டம். பின்கட்டில் துணி காயப்போட நாலு நிமிஷம் கூடினால் எங்க போயிட்ட துளசி என்று குரல் வந்துவிடும். இப்போதும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். காசுப் பட்டியல் எழுதுவதாகச் சொல்லிவிட்டு உனக்கு எழுதுகிறேன். பேனா சத்தத்தைக் கேட்டு, பரவால்லையே, நல்லா ஓடுதுலா என்று சந்தோஷப்படுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பழங்காசையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிய நீ மூன்று சாப்ட்வேர் அனுப்பி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னாய் அல்லவா. முதலாவது போனில் படம் பிடித்தால் தானே காசைக் கண்டுபிடிக்கும் என்றாய். இந்த மலையில் மழை பிடித்தால் லைன் கிடைப்பதில்லை, அது சுற்றிக்கொண்டே நிற்கிறது, அதை விட்டுவிட்டோம். மூன்றாவது சின்னது, நாடு, வருஷம், மதிப்பு, படம், அவ்வளவுதான் கேட்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது. உங்கப்பாவுக்கு இரண்டாவதுதான் வேண்டுமாம். அது எடை கேட்கிறது, விளிம்பு கேட்கிறது, யாரிடம் எப்போது வாங்கியது என்று கேட்கிறது, கணக்கெழுதுற பழைய கிராணி மாதிரி ஒன்று விடாமல் கேக்குது, இதுதான் சரி என்கிறார். அந்த இரண்டாவதில் ஒரு கட்டம் இருக்கிறது குகன். அந்தக் கட்டத்தால்தான் இந்தக் கடிதம்.

படம் தெளிவாக இருக்கவேண்டும் என்று நீ சொன்னாய். அந்தக் காசுகள் எப்படி இருந்தன என்று உனக்கே தெரியும், கருகின வடையைப் படம் பிடித்த மாதிரி வந்தது. போன மாதம் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை, அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அடுத்த வீட்டு உமாதேவி தான் வேலை செய்கிற கிளினிக்குக்குப் போகும் வழியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நான் வெள்ளிக்கிழமைக்காக விளக்கு தேய்க்க உட்கார்ந்தேன். புளி ஊறியிருந்தது, விபூதி இருந்தது. நாற்பது வருஷமாக நான் விளக்கு தேய்க்கிறேன், ஒரு கறை தங்கினதில்லை. அவர் வருவதற்குள் பளபளவென்று ஆக்கிவிட்டால் படமும் நன்றாக வரும், அவர் மங்கல் கண்ணுக்கும் கொஞ்சம் தெரியும் என்று நினைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு காசையும் தேய்த்துவிட்டேன். அந்தச் சதுர ஒரு சென் காசு, கோலா தெர்லா கடை முதலாளி சீனத் தவுக்கே பிஸ்கட் டின்னோடு கொடுத்த வெள்ளிக் காசு, அப்பா லோரி ஓட்டின காலத்தில் வெள்ளைக்காரர்கள் கொடுத்தது, எல்லாம் குத்துவிளக்காக மின்னியது. துடைத்து அதனதன் பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டேன். அவர் வந்து உட்கார்ந்ததும் புளி வாசம் பிடித்து, என்ன, ரசம் வைக்கிறியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பதிந்து முடித்த பிறகு ஒரேயடியாய்ச் சொல்லி அசத்தலாம் என்று ஆசை. பொய் அங்கே ஆரம்பித்தது.

மறுநாள்தான் அந்தக் கட்டம் கண்ணில் பட்டது. இங்கிலீஷ் சொல் புரியாமல் உமாதேவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். கழுவினதா, தேய்ச்சதான்னு கேக்குது ஆண்ட்டி, தேய்ச்சா காசோட மதிப்பே போச்சுலா என்றாள் அவள். உங்கப்பா நாற்காலியில் இருந்து சிரித்தார். தேய்ச்ச காசு செத்த காசு, என் காசுல தண்ணிகூடப் பட்டதில்ல, எல்லாத்துக்கும் இல்லைன்னு போடு என்றார். நான் போட்டேன். தினமும் மத்தியானம் அவர் உறை வரிசைப்படி ஒவ்வொன்றாய் எடுத்து, காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பை மட்டும் பிடித்து, எந்த வருஷம், யார் கொடுத்தது என்று மனப்பாடமாகச் சொல்வார். செம்புக்கு நிறம் என்ன என்று கேட்பார். கறுப்புங்க என்பேன். கையில் தங்கமாட்டம் மின்னுகிறது, நான் கறுப்பு என்கிறேன். படத்தைப் பெரிசாக்கிக் காட்டு என்பார், அவருக்கு எல்லாமே காலைப் பனி மாதிரிதான், நல்லா இருக்கு என்பார். இப்படியே இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. இந்த மாதம் பதினேழாம் தேதி ஈப்போவில் கண் ஆபரேஷன். அப்புறம் எல்லாம் தெரியுமாம், பேப்பர்கூட படிக்கலாமாம். புருஷனுக்குக் கண் வரப்போகிறது என்று பூப்போட்டுக் கும்பிட வேண்டியவள் தேதியை எண்ணி எண்ணிப் பயப்படுகிறேன், இந்தப் பாவத்தை எங்கே போய்த் தொலைப்பேன். அதனால் நீ ஒன்று செய். இரண்டாவது சாப்ட்வேர் நல்லதில்லை, மூன்றாவதுதான் நல்லது என்று அப்பாவிடம் அடித்துச் சொல். கழுவச் சொன்னது அந்த முதல் சாப்ட்வேர்தான் என்றும் சொல்லிவிடு. நீ சொன்னால் நம்புவார்.

11 ஜூலை, வெள்ளி. புதன்கிழமை எழுதினதைத் தபாலில் போட முடியவில்லை, மண் சரிந்து ரோடு மூடியிருந்தது. நேற்று மத்தியானம் ஈப்போவுக்குப் பை கட்டிக்கொண்டிருந்தேன். காசுப் பெட்டியையும் வை, கண்ணு கட்டு அவிழ்த்ததும் மொதல்ல அந்தச் சதுரக் காசைத்தான் பார்க்கணும் என்றார். கைலியை மடித்தபடியே நின்றேன். என் முகம் அவருக்குத் தெரியாத நாட்கள் இன்னும் ஏழுதான் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். நீ கேட்ட படம், விளக்கு, புளி, எல்லாம் சொன்னேன். உன்மேல் பழி போடவில்லை.

ஒரு காசைக் கொண்டுவரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் காசின் முகத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். விபூதியுமா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை, ஆறிப்போனது. பிறகு கம்ப்யூட்டரைத் திற என்றார். ஒன்றாம் நம்பரிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து இல்லை என்பதை ஆமாம் என்று மாற்றச் சொன்னார், கறுப்பு என்று போட்டதை உள்ளது உள்ளபடி போடச் சொன்னார். மொத்தமாக மாற்ற வழியிருக்கிறதா என்று உமாதேவியைக் கேட்கட்டுமா என்றேன். வேணாம், ஒவ்வொன்னா மாத்து என்றார். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன், அழுதிருப்பேன், முடிந்திருக்கும். இது நம்பர் நம்பராகப் போகிறது. நேற்று நாற்பது முடிந்தது, இன்னும் நூற்று எழுபத்திரண்டு இருக்கிறது, ஈப்போ போவதற்குள் முடிக்கணும் என்கிறார். இன்றும் மலையிலிருந்து வந்து கைகால் கழுவினதும் நாற்காலி தயாராக இருக்கிறது.

நீ அப்பாவிடம் எதுவும் பேசவேண்டாம், எனக்காகப் பரிந்துகொண்டும் வராதே. சாப்ட்வேர் இரண்டாவதுதான், அதற்கு வேண்டியதைச் செய்துகொடு. பதினேழாம் தேதி காலையில் மட்டும் மறக்காமல் போன் எடு. பேரனைக் குளிரில் காலுறை இல்லாமல் விடாதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு வாழவேண்டும்.

இன்னொன்று. காசைத் தேய்த்தது யார் என்று அந்தச் சாப்ட்வேர்கூடக் கேட்கவில்லை. உங்கப்பா குறிப்புக் கட்டத்தில் எழுதச் சொல்கிறார், துளசி, புளி, விபூதி, 12 ஜூன் என்று. யார் கொடுத்ததுன்னு எழுதறோம்ல, இதையும் எழுது என்றார். கோபத்தில் சொன்னாரா என்னவென்று நாற்பது வருஷம் கூட இருந்த எனக்கே பிடிபடவில்லை. அந்தப் பெட்டியில் இத்தனை காலம் என் பேர் எங்கேயும் இருந்ததில்லை குகன், இப்போது ஒரு காசு பாக்கியில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது.

உன் அம்மா,
துளசி